வந்துச்சா? வந்துச்சா? எல்என்பி மாற்ற ஒரு நேரடிப் பயிற்சி

வாழ்த்துகள்! உங்கள் டிவியில் ‘நோ சிக்னல்’ வந்துவிட்டது. வானம் வெளுத்திருக்கிறது, சந்தா கட்டியாகிவிட்டது, பாக்ஸில் விளக்கு எரிகிறது, பக்கத்து வீட்டு சீரியல் அழுகை சுவர் தாண்டிக் கேட்கிறது. அப்படியென்றால் கெட்டுப்போனது பெரும்பாலும் எல்என்பிதான். மொட்டை மாடி டிஷ்ஷுக்கு முன்னால் ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதன் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் மூக்கு. செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னல் 11, 12 கிகாஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும். அது அப்படியே கேபிளில் இறங்காது. தட்டு குவித்துத் தருவதை வாங்கி, பெருக்கி, 950-க்கும் 2,150 மெகாஹெர்ட்ஸுக்கும் நடுவே இறக்கிக் கீழே அனுப்புவது எல்என்பி. விலை சில நூறு ரூபாய். மாற்ற அரைமணி நேரம்.

அந்த அரைமணி நேரத்தை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையாக வளர்த்தெடுப்பது எப்படி என்பதுதான் இந்தப் பயிற்சி. கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் தெற்கு வீதி வரை இதில் கைதேர்ந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. நீங்களும் அவர்களில் ஒருவர். இதுவரை உள்ளுணர்வால் செய்ததை இனி முறைப்படி செய்யுங்கள்.

படி 1: நல்ல நேரம் பாருங்கள்

மழை கொட்டும்போது ஏறுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் சிறப்பு. கடலூரிலிருந்து பார்த்தால் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் தென்கிழக்கு வானத்தில், தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 69 டிகிரி உயரத்தில் இருக்கிறது. டிடி ஃப்ரீ டிஷ்ஷும் சன் டைரக்டும் பார்ப்பவர்களின் தட்டு அந்தப் பக்கம்தான் அண்ணாந்து கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழையும் வங்கக் கடல் பக்கமிருந்தே வருகிறது. செயற்கைக்கோள் சிக்னலைக் கனமழை விழுங்கிவிடும். மழை விட்டதும் படம் தானாகத் திரும்பும். அதற்காகக் காத்திருந்தால் உங்களுக்கு வேலையே இல்லாமல் போய்விடும். எனவே சாரல் தொடங்கியதுமே “எல்என்பி போச்சு” என்று தீர்ப்பு எழுதிவிட்டு, குடையோடு ஏறுங்கள். மின்னலும் இருந்தால் இரும்புக் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டார் கீழேயிருந்து கத்துவது உற்சாகத்தில்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் இல்லையே என்று வருந்த வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், சில நாட்கள் காலை 11 மணி வாக்கில் சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். சில நிமிஷம் படம் உடையும், போகும், வரும். எல்லா ஆண்டும் நடப்பது. நீங்கள் அந்தச் சில நிமிஷத்துக்குள் ஸ்பானரோடு மேலே போய் எல்லாவற்றையும் கழற்றிவிட்டால், நல்ல எல்என்பியையே மாற்றிய பெருமை உங்களுக்கு.

படி 2: பாக்ஸை ஆஃப் செய்யாதீர்கள்

கேபிள் வெறும் சிக்னல் மட்டும் கொண்டுபோவதாக நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் பாக்ஸ் அதே கேபிளில் 13 வோல்ட்டோ 18 வோல்ட்டோ மேலே அனுப்பி எல்என்பிக்கு உயிர் கொடுக்கிறது. 13 என்றால் செங்குத்து அலை, 18 என்றால் கிடைமட்ட அலை. எந்த சேனல் கேட்கிறீர்களோ அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. உங்களுக்கு ஷாக் அடிக்காது, கவலை வேண்டாம். பாக்ஸுக்குத்தான் அடிக்கும். மின்சாரம் ஓடும்போதே பின்னைக் கழற்றி, நடுக்கம்பியை வெளிப்பின்னலில் உரசவிடுங்கள். ஒரு சின்னப் பொறி. இப்போது எல்என்பியோடு பாக்ஸும் போயிருக்கலாம். ஒரு கோளாறு இரண்டாகிவிட்டால் எது முதலில் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. பழியை கம்பெனி மேல் போடலாம்.

படி 3: எல்லா நட்டையும் தளர்த்துங்கள்

இதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி. எல்என்பியைப் பிடித்திருப்பது கையின் நுனியில் உள்ள ஒரு பிடி, அதில் ஒன்றோ இரண்டோ திருகு. அதை மட்டும் தளர்த்தி, பழையதை உருவி, புதியதை அதே வாக்கில் செருகி இறுக்கினால் தட்டு அசையவே அசையாது. தட்டு அசையவில்லை என்றால் திசை பிடிக்கும் வேலை இல்லை. திசை பிடிக்கும் வேலை இல்லை என்றால் மொட்டை மாடியில் உங்களுக்கு என்ன மரியாதை?

ஆகவே பின்பக்கம் போங்கள். பிராக்கெட்டில் உள்ள நட்டுகளை முதலில் தளர்த்துங்கள். தட்டு ஒரு தலையாட்டலோடு கீழே சரியும். கம்பத்தைப் பிடித்திருக்கும் கவ்வியையும் விட்டுவிடாதீர்கள். முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் நட்டு துருப்பிடித்து உட்கார்ந்திருக்கும். எண்ணெய் விட்டு ஊறவைப்பது பொறுமைசாலிகளின் வேலை. நீங்கள் சுத்தியல் எடுங்கள். குறி தவறி தட்டில் விழுந்தால் நல்லது. சிக்னல் அலையின் நீளமே இரண்டரை சென்டிமீட்டர்தான் என்பதால், ஒரு நல்ல ஒடுக்கு அதன் குவியத்தை நிரந்தரமாகக் கலைத்துவிடும்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது எத்தனையோ மொட்டை மாடித் தட்டுகள் மடங்கின. உங்களுக்குப் புயல் தேவையில்லை.

படி 4: பழையதைக் காட்டாமல் புதியதை வாங்குங்கள்

கழற்றிய எல்என்பியைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்துவிட்டு வெறுங்கையோடு கடைக்குப் போங்கள். இம்பீரியல் ரோட்டிலோ லாரன்ஸ் ரோட்டிலோ கடைக்காரர் கேட்பார்: “எந்த கம்பெனி டிஷ்ஷுண்ணே?”

“டிஷ் கம்பெனி டிஷ்.”

“ஒரு டிவிக்கா, ரெண்டு டிவிக்கா?”

“டிவிக்கு.”

அவர் ஒரு எல்என்பியை எடுத்து வைப்பார். விலையை மட்டும் பாருங்கள். ஒட்டியிருக்கும் சீட்டில் 9.75, 10.6 என்று இரண்டு எண் இருக்கும். யுனிவர்சல் எல்என்பி என்றால் உள்ளே அந்த இரண்டு அலைவரிசை உண்டு. பாக்ஸின் மெனுவிலும் அதே வகையைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அந்த மெனுவுக்குள் நீங்கள் போகவே கூடாது. போனாலும், கைக்கு வந்த பட்டனை அழுத்தி “ஃபேக்டரி ரீசெட்” வரை போய்த் திரும்புங்கள்.

படி 5: எல்என்பியை அழகுக்கு நிறுத்துங்கள்

எல்என்பியின் கழுத்தில் சின்னச் சின்னக் கோடுகளும் எண்களும் பொறித்திருக்கும். அது அலங்காரம் என்று கொள்க. கேபிள் நேராகக் கீழே தொங்கும்படி, பார்க்க லட்சணமாக, நெட்டுக்குத்தலாக நிறுத்தி இறுக்குங்கள்.

வட நாட்டில் இதில் கொஞ்சம் தப்பித்துக்கொள்ளலாம். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் இருக்கிறோம்; கடலூர் பன்னிரண்டு டிகிரி அட்சரேகைக்குள் அடங்கிவிடுகிறது. செயற்கைக்கோளோ நமக்குக் கிழக்கே தள்ளி நிற்கிறது. அதனால் அங்கே செங்குத்தாகப் புறப்படும் அலை இங்கே வந்து சேரும்போது நம் கண்ணுக்கு நன்றாகச் சாய்ந்திருக்கும். 93.5 டிகிரிக் கோளுக்குக் கடலூரில் கணக்குப் போட்டால் சாய்வு ஏறக்குறைய 49 டிகிரி வருகிறது. கிட்டத்தட்டச் செங்கோணத்தில் பாதி. எல்என்பியை நெட்டுக்குத்தலாக நிறுத்தினால் செங்குத்து அலையும் கிடைமட்ட அலையும் ஒன்றோடொன்று கலந்து உள்ளே வரும். சில சேனல் தெரியும், சில தெரியாது. பக்திச் சேனல் வந்து கிரிக்கெட் வராமல் போனால் வீட்டுப் பெரியவர்கள் அதற்கு வேறு காரணம் சொல்வார்கள். மறுக்காதீர்கள்.

படி 6: கேபிளை முறுக்குங்கள்

கேபிள் கொஞ்சம் எட்டவில்லையா? பழைய துண்டு ஒன்றை எடுத்து, இரண்டு முனையையும் பல்லால் உரித்து, நடுக்கம்பியோடு நடுக்கம்பி, பின்னலோடு பின்னல் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுங்கள். டேப் வெயிலில் இளகி, மழையில் விட்டுப்போய், உப்புக்காற்றில் உள்ளே பச்சை பூக்க அதிக நாள் ஆகாது. கனெக்டர் போட்டே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்கள், பின்னலின் ஒரே ஒரு இழையை மட்டும் நடுக்கம்பியில் தொடவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாது. மூன்று பேர் வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

கேபிள் எல்என்பிக்குள் நுழையும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் தாழ்வாக ஒரு வளைவு விட்டுக் கட்டினால் மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது. அந்த வளைவை இழுத்து நேராக்கிவிடுங்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். இன்னும் பாதுகாப்பு வேண்டுமென்றால் எல்என்பிக்குத் துணிக்கடைக் கேரி பேக் ஒன்றை மாட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். மழைநீர் அதன் முகத்தில் படலமாக ஒட்டி நின்று, மழை விட்ட பிறகும் சிக்னலை மறைத்துக் கொடுக்கும்.

படி 7: திசை

இதற்கு நான்கு வழிகள் உண்டு. நான்கையும் ஒரே நாளில் முயலுங்கள்.

முதல் வழி, பக்கத்து வீட்டு டிஷ்ஷைப் பார்த்து எழுதுவது. அவர் வீட்டுத் தட்டு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே பக்கம் உங்களுடையதையும் திருப்புங்கள். அவர் எந்த கம்பெனி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். டாடா ப்ளே 83 டிகிரியில், டி2ஹெச் 88-இல், டிஷ் டிவி 95-இல், ஏர்டெல் 108.2-இல். கடலூர் மொட்டை மாடியிலிருந்து 83-ஐப் பிடிக்கும் தட்டு திசைகாட்டியில் 164 டிகிரிக்குப் பக்கத்தில், கிட்டத்தட்டத் தெற்கே பார்க்கும். 93.5-க்கு 130. 108.2-க்கு 111, அதாவது ஏறக்குறையக் கிழக்கு. திருப்பாதிரிப்புலியூரில் மூன்றாம் மாடியில் நின்று சுற்றிப் பாருங்கள், ஒரே தெருவில் மூன்று விதமாகத் தட்டுகள் திரும்பியிருக்கும். உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாவது, வாஸ்து. உங்கள் டிஷ் பார்ப்பது அக்கினி மூலையை. கொஞ்சம் நகர்ந்தால் எமன் திசை. வீட்டுக்கு ஆகுமா? ஈசானிய மூலைக்குத் திருப்பிவிடுங்கள். டிவி தரும் கோள்கள் எல்லாமே நிலநடுக்கோட்டுக்கு மேலே, தரையிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. நிலநடுக்கோடு நமக்குத் தெற்கே. ஈசானியத்தில் ஒன்றுகூட இல்லை. அமைதியான மூலை. சிதம்பரத்துக்காரர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு: அவர்கள் ஊர் நடராஜரே தெற்கு நோக்கித்தான் ஆடுகிறார்.

மூன்றாவது, போன். திசைகாட்டி ஆப்பைத் திறந்து, போனை இரும்புத் தட்டின் மேலேயே ஒட்டிவைத்துப் பாருங்கள். அல்லது தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். முள் உங்களைக் கெடிலம் ஆற்றுப் பக்கம் அனுப்பினால் அனுப்பட்டும். இரும்பை விட்டு நாலடி தள்ளி நின்றால் சரியான எண் கிடைத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

நான்காவது, தென்னை மரம். இது மற்ற மூன்றும் தோற்ற பிறகு. “அந்த மரம்தான்யா மறைக்குது” என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிடுங்கள். டிஷ்ஷைப் பார்த்தால் அது தென்னை மட்டையைத்தான் முறைப்பது போலத் தெரியும். ஏனென்றால் நம் வீட்டுத் தட்டுகள் ஒருக்களித்துச் செய்தவை. தட்டு பார்க்கிற இடம் ஒன்று, சிக்னல் வருகிற இடம் அதைவிட இருபது டிகிரிக்கு மேல் உயரத்தில். 69 டிகிரி உயரத்தில் வரும் சிக்னலை, 5 மீட்டர் தள்ளி நிற்கும் மரம் மறைக்க வேண்டுமென்றால் அது உங்கள் டிஷ்ஷைவிட 13 மீட்டர் உயரமாக இருக்க வேண்டும். சிதம்பரத்தின் ஏழு நிலைக் கோபுரமே ஆனாலும் அதன் காலடியில் ஒட்டிக் குடியிருந்தால்தான் குறுக்கே வரும். இந்தக் கணக்கையெல்லாம் மாமாவிடம் சொல்ல வேண்டாம். வாய்க்கால் தகராறு இல்லாத தெருவில் வாழ்க்கை சுவைக்காது.

படி 8: குரல் வரிசை அமையுங்கள்

இப்போது குடும்பம் முழுவதற்கும் வேலை. டிவி முன்னால் மனைவி. மாடிப்படித் திருப்பத்தில் மகன். மொட்டை மாடிக் கதவில் அத்தை, வடாம் காயவைத்த துணியை மிதிக்காமல் பார்த்துக்கொள்ள. தட்டைப் பிடித்தபடி நீங்கள்.

“வந்துச்சா?”

“வந்துச்சாம்மா?”

“என்னது?”

“படம் வந்துச்சான்னு அப்பா கேக்குறாரு!”

“இல்லன்னு சொல்லுடா!”

“இல்லையாம்ப்பா!”

இதற்குள் நீங்கள் தட்டை மூன்று முறை திருப்பியிருக்க வேண்டும். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனியுங்கள். பழைய தூர்தர்ஷன் காலத்து மீன்முள் ஆன்டெனாவைத் திருப்பினால் புள்ளி புள்ளியாக இருந்த படம் மெல்ல மெல்லத் தெளியும். நாகப்பட்டினம் பக்கம் இலங்கை ரூபவாகினியைப் பிடித்தவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும். கை பேசியது, படம் உடனே பதில் சொன்னது. டிஜிட்டலில் அந்தப் பேச்சு இல்லை. வந்தால் முழுசாக வரும், இல்லையென்றால் கறுப்புத் திரை. வருவதற்கும் பாக்ஸ் சில வினாடி எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரு நூலளவு திருப்பி, பத்து எண்ணும் வரை கையை எடுத்துவிட்டு நிற்பவர்களுக்குத்தான் சிக்னல் மாட்டும். நீங்கள் நிற்காதீர்கள். சரியான இடத்தை நீங்கள் தாண்டிப் போன பிறகுதான் கீழே படம் வர வேண்டும், “வந்துச்சு!” என்ற குரல் மூன்று வாய் மாறி மேலே வந்து சேரும்போது நீங்கள் அண்ணாமலை நகர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

“வந்துச்சு வந்துச்சு! ஐயோ, போச்சு! ஏன் திருப்புனீங்க?”

“எப்ப வந்துச்சு?”

“இப்பதான்!”

“இப்பன்னா எப்ப?”

இந்தக் கேள்விக்கு உலகத்தில் பதில் கிடையாது. இதையே பகல் சாப்பாடு வரை தொடருங்கள். வீடியோ கால் போட்டு டிவியை நேராகப் பார்க்கலாம் என்று மகன் யோசனை சொல்வான். கேட்டுக்கொள்ளுங்கள், பாக்ஸின் தாமதத்தோடு நெட்வொர்க்கின் தாமதமும் சேரும்.

மனைவி மெனுவைத் திறந்து சிக்னல் அளவைப் படிக்க ஆரம்பித்துவிட்டால் ஆபத்து. அங்கே இரண்டு கோடு இருக்கும், ஒன்று ஸ்ட்ரெங்த், இன்னொன்று குவாலிட்டி. ஸ்ட்ரெங்த்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். எல்என்பிக்கு மின்சாரம் போனாலே அது எழுந்துகொள்ளும். வெறும் வானத்தைப் பார்த்தாலும், வேறு கம்பெனிக் கோளைப் பார்த்தாலும் ஏறி நிற்கும். “எண்பது காட்டுது!” என்று எல்லோரும் கைதட்டும்போது நட்டை இறுக்கிவிடுங்கள். குவாலிட்டி சுழியத்தில் இருப்பதை இரவு கண்டுகொள்ளலாம்.

படி 9: பக்கவாட்டில் மட்டும் திருப்புங்கள்

தட்டுக்கு இரண்டு அசைவு உண்டு: பக்கவாட்டு, மேல்கீழ். நாள் முழுக்கப் பக்கவாட்டையே செய்யுங்கள். உச்சி வானத்துக்குப் பக்கத்தில் பார்க்கும் நம் ஊர் டிஷ்களுக்குப் பக்கவாட்டில் தாராளம் அதிகம். கம்பத்தைச் சுற்றி மூன்று டிகிரி போனாலும் வானத்தில் பார்வை ஒரு டிகிரிக்குச் சற்றுக் கூடத்தான் நகரும். மேல்கீழ்தான் கறார். அறுபது சென்டிமீட்டர் தட்டின் மேல் விளிம்பை ஒரு சென்டிமீட்டர் முன்னே இழுத்தால் பார்வை ஏறக்குறைய இரண்டு டிகிரி சரிந்துவிடும். ஒன்றரை டிகிரி விலகலிலேயே சிக்னல் பாதி போய்விடும். பிராக்கெட்டில் டிகிரி எண்கள் பொறித்திருக்கும், ஆனால் கம்பம் நெட்டுக்குத்தலாக நின்றால்தான் அவை பொருந்தும். கொத்தனாரின் தூக்குக்குண்டோ ரசமட்டமோ கொண்டு கம்பத்தைப் பார்த்துவிட்டு, எண்ணுக்கு நேராக வைத்து, சிக்னல் ஒரு பக்கம் அறுகிற இடத்தையும் மறுபக்கம் அறுகிற இடத்தையும் பார்த்து இரண்டுக்கும் நடுவில் இறுக்குவது ஒரு முறை. அதில் வியர்வையே வராது. நமக்கு வேண்டாம்.

நட்டை இறுக்கும்போது ஒரே பக்கமாக முழு மூச்சில் இறுக்குங்கள். தட்டு அந்த ஒரு சென்டிமீட்டரைத் தானே பார்த்துக்கொள்ளும்.

படி 10: குற்றம் வானத்தில் இருந்தால்

அரிதாக, உங்கள் தவறே இல்லாமலும் படம் போகும். 2010 ஜூலை 7-ஆம் தேதி, அன்று 93.5 டிகிரியில் இருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியப் பலகை ஒன்றில் மின்கோளாறு ஏற்பட்டு, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை இஸ்ரோ அணைக்க வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சன் டைரக்ட் இருண்டது. பிறகு ஒளிபரப்பு 91.5 டிகிரியில் இருந்த மெசாட்-3 என்ற மலேசியக் கோளுக்கு மாறியது. வானத்தில் இரண்டு கோளுக்கும் இடையே 1,400 கிலோமீட்டருக்கு மேல். கடலூர் மொட்டை மாடியில் மேலே ஒன்றரை டிகிரிக்குச் சற்றுக் கூட, பக்கத்தில் நாலரை. லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே சமயத்தில் தட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. பயிற்சிக் கண்ணோட்டத்தில் அது பொற்காலம். தமிழ்நாட்டில் அவ்வளவு “வந்துச்சா” அதற்கு முன்னும் பின்னும் ஒருசேர ஒலித்திருக்காது.

இப்போது அந்த 93.5 டிகிரியில் நிற்கும் ஜிசாட்-15 ஏவப்பட்டது இந்திய நேரப்படி 2015 நவம்பர் 11 அதிகாலையில், பிரெஞ்சு கயானாவிலிருந்து. கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் கிடந்த அதே வாரம். 3,164 கிலோ எடையுள்ள அந்தக் கோள் சொன்ன இடத்துக்குப் போய், சொன்ன திசையில் இன்றைக்கும் நிற்கிறது. அந்தப் பக்கத்து வேலை முடிந்துவிட்டது. மிச்சமிருப்பது உங்கள் நட்டு.

படி 11: டிஷ்ஷோடு வீடு மாறுங்கள்

கப்பல்களிலும் சொகுசுப் படகுகளிலும் வெள்ளைக் குடுவைக்குள் ஒரு டிவி ஆன்டெனா இருக்கும். உள்ளே மோட்டாரும் அசைவுணரியும் வைத்து, படகு எப்படி ஆடினாலும் கோளை விடாமல் பிடித்துக்கொண்டே போகும். லட்சங்களில் விலை. நம்மிடம் இருப்பதும் நடமாடும் ஆன்டெனாதான்: வீட்டுக்காரர் வாடகையை ஏற்றும்போதெல்லாம் டாடா ஏஸில் ஏறும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரத்துக்கு மாறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது கிலோமீட்டருக்குள். இரண்டு ஊருக்கும் கோள் தெரியும் திசையில் வித்தியாசம் ஒரு டிகிரி, உயரத்தில் அதுவும் இல்லை. மேல்கீழ் நட்டைத் தொடாமல், கையையும் எல்என்பியையும் அப்படியே வைத்துக்கொண்டு போனால், புதிய மாடியில் கம்பத்தை நேராக நட்டுப் பக்கவாட்டில் தேடினால் மட்டும் போதும். எனவே கிளம்பும் முன்பே தட்டு வேறு, கை வேறு, பிராக்கெட் வேறு, எல்என்பி வேறு எனப் பிரித்துவிடுங்கள். நட்டுகளை அரிசி டப்பாவில் போடுங்கள். தட்டை மெத்தைக்கு அடியில் வைத்து, மேலே கிரைண்டரை ஏற்றுங்கள். புவனகிரி தாண்டுவதற்குள் அது வேறு வடிவம் எடுத்திருக்கும்.

புதிய வீட்டில் கம்பம் நடாமல் கைப்பிடிச் சுவரில் இரண்டு ஆணியில் மாட்டுங்கள். துணிக்கொடியின் ஒரு முனையை அதன் கையிலேயே கட்டுங்கள். ஈரப் போர்வை காயும் நாளில் சேனல் மாறிப் போகும்; காற்றடிக்கும் நாளில் தானாக வரும்.

படி 12: ஆள் கூப்பிடுங்கள், கடைசியில்

பொழுது சாய்ந்ததும், எல்லாம் முடிந்த பிறகு, டிஷ்காரத் தம்பிக்குப் போன் போடுங்கள். காலையிலேயே கூப்பிட்டிருந்தால் அவர் சும்மா இருந்திருப்பார். இப்போது நெல்லிக்குப்பத்தில் இருப்பார், நாளைக்கு வருவேன் என்பார். நாளைக்கு வந்ததும் “நான் எதையும் தொடலப்பா” என்று முதலில் சொல்லிவிடுங்கள். அவர் தட்டைப் பார்ப்பார், சுத்தியல் தழும்பைப் பார்ப்பார், டேப் சுற்றிய கேபிளைப் பார்ப்பார், கேரி பேக்கைப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். மீட்டரைக் கேபிளில் மாட்டி, யாரையும் கூப்பிடாமல், மேலே ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு தட்டு, எல்என்பியைப் பாதி திருப்பு, இறுக்கு. அவர் வேலை செய்யும்போது பின்னால் நின்று யோசனை சொல்லிக்கொண்டே இருங்கள். கூலி கேட்டால் “இதுக்கா இவ்வளவு?” என்று கேட்க மறக்காதீர்கள்.

போகிறபோது அவர் பையிலிருந்து ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து, எல்என்பியின் கழுத்துக்கும் அதன் பிடிக்கும் குறுக்கே ஒரு கோடு, பிராக்கெட்டுக்கும் கம்பத்துக்கும் குறுக்கே ஒரு கோடு போடுவார். அடுத்த முறை எதைக் கழற்றினாலும் கோட்டோடு கோடு சேர்த்து மாட்டினால் வேலை முடிந்தது. அவர் தெருமுனை திரும்பியதும் மேலே போய், அந்தக் கோட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிடுங்கள். மார்க்கர் எந்தப் பெட்டிக்கடையிலும் இருபது, முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டில் ஒன்று வாங்கி வைத்துவிடாதீர்கள்.